வழுவழுப்பு போகும் வரை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்சார ரசீதில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஊருக்கே அவன் அடைப்புதான். அடுக்குமாடி வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களில் அடைப்பு எடுப்பது தொழில், தொழிலே பெயராகிவிட்டது. "அடைப்புக்கு ஃபோன் போடுங்க", "அடைப்பு வந்தாச்சா", "அடைப்பு போயாச்சா" என்று மூன்றே பேச்சில் அவனுடைய இருபத்திரண்டு வருடம் அடங்கிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறப்பார்கள். நாற்றம் என்னவோ அவர்கள் வீட்டு நாற்றம். முகச்சுளிப்பு மட்டும் இவனுக்கு. குடிக்கத் தண்ணீர் கேட்டால் பிளாஸ்டிக் தம்ளரில் கொடுத்து, "போகும்போது அதையும் எடுத்துட்டுப் போய்டுங்க" என்பார்கள்.

குழாய்க்குள்ளிருந்து அவன் எடுக்காத பொருள் கிடையாது. கொத்துக் கொத்தாக முடி, கட்டிதட்டிப்போன எண்ணெய், சீப்பு, பல்செட்டு, ஒரு முறை முழுசாக ஒரு செருப்பு. அதையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவான். அவன் குடலைப் புரட்டிய ஒரே சரக்கு டயப்பர். எந்த மகராசனோ மகராசியோ சோம்பல்பட்டு அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டிருப்பார்கள். அது போகிற வழியெல்லாம் தண்ணீரைக் குடித்து, தலையணை மாதிரி உப்பி, குழாய் வளைகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கம்பியை விட்டுக் குத்தினால் வயிறு கிழிந்து உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரிக் கூழ் கொழகொழவென்று வரும். மூன்று மாடிக் குடும்பங்களின் சமாச்சாரமும் அந்தக் கூழோடு சேர்ந்து முழங்கை வரைக்கும்... சீ, இதற்கு மேல் வேண்டாம். வெளியே எடுத்துப் போட்டு, "யாருங்க இதைப் போட்டது?" என்று கேட்டால் ஒருத்தர் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் பெரிய மனிதர் ஒருவர், "எங்க வீட்ல குழந்தையே கிடையாதேப்பா" என்று சத்தியம் செய்தார். அவர் தோளில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கம்பிக்கு மசியாத அடைப்புக்குப் பொடி. அது வெள்ளையாக, உப்புக்கல் மாதிரி இருக்கும். தொழிலில் அதற்கு வேறு பெயர் கிடையாது, பொடி என்றால் அதுதான். தண்ணீரில் போட்டால் கொதிக்கும். கொழுப்பைக் கரைக்கும், முடியைக் கரைக்கும், கவனம் தப்பினால் தோலையும் கரைக்கும். அதைத் தொட்ட கை சோப்பு பூசினது போல வழுக்கும். அந்த வழுவழுப்பு போகும் வரை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். போகிற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லாமல் அடைப்பு படியிறங்க மாட்டான். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

இப்பேர்ப்பட்டவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மனைவி துணிக்கடை ஒன்றில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக் கொடுக்கிறவள். ஆறு மாதம் கால் வீங்க வீங்க மிஷின் மிதித்தவள். கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். தையலோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா வந்து சேர்ந்தாள். பெரியவளுக்கு மனசு தங்கம், வாய் மட்டும் கத்தரிக்கோல். வரும்போதே இரண்டு கட்டு டயப்பரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடைப்பு அதைப் பார்த்தான். பாம்பைப் பார்த்தவன் போல இரண்டடி பின்னால் போனான்.

"இந்தச் சனியன் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றான்.

"சனியனா? பச்ச உடம்புக்காரி குனிஞ்சு துணி துவைப்பாளா, மாப்பிள்ள? வயித்துல ஏழு தையல்."

"துணிதான் கட்டணும். இது ஊர்க் குழாயெல்லாம் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியும். நான் எடுத்த அசிங்கத்தை நானே காசு குடுத்து வாங்கணுமா?"

படுத்திருந்த மனைவி இரண்டு பக்கமும் கேட்டாள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? டயப்பர் என்றால் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாது. துணி என்றால் முதுகு ஒடியும். அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"சரிங்க. துணியே கட்டலாம். பழைய பருத்திப் புடவை ரெண்டைக் கிழிச்சு நானே மடிச்சுத் தைச்சுத் தரேன். ஆனா துவைக்கிறது நீங்க."

"அவ்வளவுதானே?" அடைப்பு நெஞ்சை நிமிர்த்தினான். "நான் பார்க்காத பீயா?"

பெரியவள் டயப்பர் கட்டுகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை குளியலறையில் முதல் துணியைப் பிரித்தவன், பிரித்த கையோடு வாந்தி எடுத்தான். நம்ப முடிகிறதா? ஊர்ச் சாக்கடையில் தோள் வரை கையை விட்டவன்! வேலையிடத்தில் வருவதெல்லாம் சில்லிட்டுப் போன சாமான். கறுப்பாக இருக்கும், யாருடையது என்று தெரியாது, முகமூடியும் கம்பியும் நடுவில் இருக்கும். இது அப்படியா? வெதுவெதுப்பாக, மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி திப்பித் திப்பியாக, ஒரு புளித்த இனிப்பு வாசனையோடு கையில் ஒட்டியது. அந்த இனிப்புதான் அவனைக் கொன்றது. நாறினால்கூடத் தாங்கியிருப்பான்.

தன் குழந்தையின் பீயைக் கண்டு ஓங்கரிக்கிறோமே என்று அவனுக்கே தன் மேல் வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பில் குழந்தையைத் தூக்கக்கூடப் பயந்தான். தூக்கினால் நனைத்துவிடுமே! "குளிச்சிட்டு வந்து தூக்கறேன்", "கை அழுக்கா இருக்கு, அப்புறம்" என்று ஏதாவது சாக்கு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான். மனைவி நீட்டின குழந்தையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாளைக்குப் பதினாலு துணி. அவன் தன் வேலைக் கையுறைகளில் புதிய ஜோடி ஒன்றைப் பிரித்தான். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர். அதைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, துணியை வாளியில் போட்டு இரண்டு முக்கு முக்கி எடுத்துக் கொடியில் போடுவான். துணி காய்ந்ததும் பெரியவள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மாப்பிள்ள துவைச்ச துணியைப் பாரு. குழந்தை பிறந்ததுலருந்து ஒரு நாள் விடாம சரித்திரமே எழுதியிருக்கு."

மனைவியும் சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடைப்புக்குச் சுருக்கென்றது. கையால் கசக்கித் தேய்த்தால் கறை போயிருக்கும். அதைச் செய்யத்தான் குடல் இடம் கொடுக்கவில்லையே. தொழில்காரனுக்குத் தொழில் புத்திதான் வரும்: தேய்க்காமல் கரைக்க ஒரு வழி இருக்கிறது.

வேலைப் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தான். ஒரே ஒரு கரண்டி. வெந்நீர் வாளியில் போட்டுக் குச்சியால் கிளறி, துணிகளை அரை மணி நேரம் ஊறவைத்தான். குச்சியாலேயே எடுத்து, கையுறையோடு இரண்டு தண்ணீர் அலசி, உதறிப் போட்டான். துணி தும்பைப் பூவாக வெளுத்திருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி நாம் எல்லோருமே. அவனை மட்டும் சொல்லி என்ன?

"அடேயப்பா!" என்றாள் பெரியவள். "இனிமே நான் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

மனைவி கடைக்கு ஃபோன் போட்டு, கூட வேலை செய்கிறவளிடம் அரை மணி நேரம் அதையே பேசினாள். "என் வீட்டுக்காரர்தான் துவைக்கிறார்டி. கடையில புதுசா எடுத்த மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னது குளியலறை வரை கேட்டது. அடைப்புக்கு உச்சி குளிர்ந்தது. பொடி என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டால், "தொழில் ரகசியம்" என்று கண்ணடித்தான்.

மூன்றாம் நாளிலிருந்து குழந்தை அழத் தொடங்கியது. துணி மாற்றினால் அழுகை, மாற்றாவிட்டாலும் அழுகை. தொடையிடுக்கு முதலில் சிவந்தது. பிறகு பளபளவென்று தோல் மெலிந்து ஈரம் கசிந்தது. மனைவி பார்த்துப் பார்த்து அழுதாள்.

"எல்லாம் நீ திங்கறதுதான்டி" என்றாள் பெரியவள். "தாய் வாயைக் கட்டலைன்னா பாலுல சூடு இறங்கும். அதான் வெந்து போய்க் கிடக்கு."

அவளுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் சொன்ன பேச்சு தையல் போட்டவளை எழவிடாமல் அடித்தது. காரத்தை விட்டாள். புளிப்பை விட்டாள். பிறகு உப்பையும் விட்டாள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும் மாரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அடைப்பு வேலை முடிந்து வந்து இதையெல்லாம் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா சொல்றது சரிதான். கொஞ்ச நாளைக்கு வாயைக் கட்டேன். குழந்தையைவிட நாக்கு முக்கியமா?"

இந்த வாக்கியத்தை அவன் சொன்னான். சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கால் நீட்டிப் படுத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அவனுக்கு வேலை இல்லை. துவைத்த துணிகளைப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் சடசடவென்று மழை. "துணி, துணி!" என்று பெரியவள் கத்தினாள். ஓடிப் போய் வெறுங்கையால் ஈரத் துணிகளை வாரினான்.

விரல் வழுக்கியது.

நின்றான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். இன்னொரு துணியைப் பிழிந்து தேய்த்துப் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வழுவழுப்பு. கையுறை மட்டும் போடாமல் ஒரே ஒரு நாள் அலசியிருந்தால், முதல் துணியிலேயே தெரிந்திருக்கும். பீயைத் தொடக் கூசிய கைக்குப் பொடியும் தெரியாமல் போய்விட்டது.

மழை தோளில் விழ விழ அங்கேயே நின்றான். திருடனுக்குத் தேள் கொட்டினாற் போல, வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. உள்ளே மனைவி உப்பில்லாத சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். அப்போது போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனுஷியாக ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? அத்தனை துணியையும் ஒரு பையில் திணித்தான். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மருந்துக்கடையில் டயப்பர் வாங்கினான். எந்தச் சனியன் வீட்டுக்குள் வரக் கூடாது என்றானோ அதே சனியன், பெரிய கட்டாக!

"உனக்கு அந்தத் துணியோட மல்லுக்கட்ட முடியாதேன்னுதான்" என்றான், கட்டைக் கட்டிலில் வைத்து. "துணியெல்லாம் மழையில நனைஞ்சு வீணாப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

பெரியவள் கன்னத்தில் கை வைத்தாள். "மழை எதுக்குப் பெய்யுதுன்னு இப்பத்தானே தெரியுது."

மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "எனக்காகவா? நீங்களா?" என்று அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னும் லேசாக வழுக்கிக்கொண்டிருந்த அந்தக் கையை அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவனைப் போல ஒரு ஈனப் பிறவி இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று அவனுக்கே தோன்றியது. தோன்றி என்ன பயன்? வாய் திறக்கவில்லையே.

புண்ணின் மேல் காற்றுப் புகாத டயப்பரைப் போட்டால் என்ன ஆகும்? பொழுது சாய்வதற்குள் குழந்தை நீலம் பாரிக்கக் கத்தியது. பிரித்தபோது ஓரத்து ரப்பரோடு சேர்ந்து தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. மனைவி தையலையும் மறந்து குழந்தையை வாரிக்கொண்டு எழுந்தாள்; மூன்று பேரும் ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். குழந்தை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை; அவசரம் என்று வரிசை தாண்டி உள்ளே விட்டார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மனைவி கேட்பதற்கு முன்பே ஒப்பித்தாள். "என் தப்புதான் டாக்டர். நான்தான் வாயைக் கட்டலை. ஆசுபத்திரிலருந்து வந்ததும் ஆசையா காரமா சாப்பிட்டுட்டேன். இப்ப உப்பு, புளிப்பு எல்லாம் விட்டுட்டேன். இன்னும் என்ன விடணும்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

"நீங்க சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது வெந்த புண். துணியை எதுல துவைக்கிறீங்க?"

"என் வீட்டுக்காரர்தான் துவைக்கிறார்" என்றாள் மனைவி. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை. "வெள்ளை வெளேர்னு துவைப்பார்."

டாக்டரம்மா திரும்பினார். "என்ன சோப்பு?"

சோப்பு என்றே சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. பெண்டாட்டி பெருமையும் போகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அடைப்பு வாயைத் திறந்தான். அதற்குள் டாக்டரம்மா, "யோசிச்சுச் சரியாச் சொல்லுங்க. சோப்பு ஒவ்வாமன்னா ஒரு வைத்தியம். வேற ஏதாவதுன்னா வேற வைத்தியம். மாத்திப் பண்ணா இன்னும் ஆழமாப் போகும்" என்றார்.

"பொடி" என்றான்.

"என்ன பொடி?"

"அடைப்புப் பொடி. நாங்க குழாய்ல போடுறது."

பக்கத்தில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், "சீ!" என்றாள். அவளை அறியாமல் வந்துவிட்டது. ஆயிரம் வீட்டில் அந்தச் சத்தத்தை அவன் கேட்டிருக்கிறான். அங்கெல்லாம் அது நாற்றத்துக்கு. இது அவனுக்கே அவனுக்கு. குளித்தாலும் போகாது.

டாக்டரம்மா திட்டவில்லை. நேரமில்லை. குழாயடியில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விட்டு நெடுநேரம் கழுவினார்கள். களிம்பு எழுதிக் கொடுத்தார். "பத்து நாளைக்குத் துணியும் வேண்டாம், டயப்பரும் வேண்டாம். காத்தாடக் கிடக்கட்டும். குழந்தை வெளிக்குப் போன உடனே, அந்த நிமிஷமே, வெறும் தண்ணி விட்டுக் கையால கழுவணும். காகிதத்தால துடைக்கக் கூடாது, கையுறை கூடாது. ரப்பர் பட்டா உரிஞ்சிடும். சோப்பு போட்டுக் கழுவின வெறுங்கைதான் வேணும். ஒருத்தர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும்."

பேருந்து நிறுத்தத்தில் மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்கு மத்தியானம். மழையில."

"டயப்பர் வாங்கிட்டு வந்தது அதுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான்."

"நான் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டிருந்தேனே, அப்பவே தெரியும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் பேருந்து வந்ததும் பெரியவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவன் நின்றுகொண்டே வந்தான். இடம் இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் மெத்தென்று ஒரு துண்டைப் போட்டு, குழந்தையை வெற்றுடம்பாகக் கிடத்தினாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், காலி வாளி ஒன்று. பெரியவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காரப் போனாள்.

"நீ விடுக்கா" என்றாள் மனைவி. "அவர் உட்காரட்டும்."

அடைப்பு வேலைக்குப் போகவில்லை. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பாயோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து குழந்தையை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. வெந்து கிடந்த இடத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. குழந்தை காலை உதைத்தது. முகம் சிவந்து முக்கியது. துண்டில் படாமல் இருக்க அவன் உள்ளங்கையை அடியில் நீட்டினான். வெதுவெதுவென்று மஞ்சளாக அது கை நிறைய இறங்கியது. அதே புளித்த இனிப்பு வாசனை. தொண்டைக் குழி வரை எகிறியது. கண்ணில் தண்ணீர் முட்ட, கை தானாகப் பின்னால் நகரப் பார்த்தது.

மனைவி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலி வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"வாந்தி எடுக்கணும்னா எடுங்க" என்றாள். "கையை எடுக்காதீங்க."